மதகுப் பலகை

பெர்ச் லேண்டிங், இல்லினாய்
மார்ச் 8, 1936

அன்புள்ள எல்டா அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீயும் கஸ் அத்தானும் அந்த ஐடஹோ மலைக்குளிரில் எப்படி இருக்கிறீர்கள்? போன கடிதத்தின் அடியில் அத்தான் எழுதியிருந்த வரியைப் படித்து வில்மர் விழுந்து விழுந்து சிரித்தார். "பனி இவ்வளவு கொட்டுது, என் மாமியார் வந்தாக்கூடக் கதவைத் திறக்க முடியாது." அம்மா இருந்திருந்தால் விளக்குமாற்றோடு ரயில் ஏறியிருப்பாள்.

விஷயம் இதுதான். நான் வாத்து வளர்க்கப் போகிறேன். அர்னோ சித்தப்பாவின் கூவல் வாத்துகள் ஞாபகம் இருக்கிறதா? காலில் கயிறு கட்டி நம் குளத்தில் மிதக்கவிட்டு, மேலே பறக்கும் காட்டு வாத்துகளைக் கூவ வைத்து இறக்குவாரே, அவைதான். உயிருள்ள வாத்தை அப்படிக் கட்டி வைத்துச் சுடக்கூடாது என்று போன வருஷம் சட்டம் வந்துவிட்டது. சித்தப்பா கொதிக்கிறார். "இதுங்களுக்குத் தீனி போட்டு உக்கார வெச்சு நான் என்ன வேதாகமமா படிச்சுக் காட்டப் போறேன்? நீயே ஓட்டிட்டுப் போடி" என்றார். எட்டுப் பெட்டை, இரண்டு ஆண்.

என் டெஸ்ஸிக்கு மூன்று வயது முடிகிறது. முட்டையைத் தவிர எதைக் கொடுத்தாலும் துப்புகிறாள். அவளுக்காகத்தான் இந்த ஆசையே. நீதான் சின்ன வயதில் தாத்தாவின் வாத்துகளைப் பார்த்துக்கொண்டாய். நான் அப்போது உன் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றதோடு சரி. என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது, எல்லாம் எழுது.

உன் தங்கை,
லியோனா

*

சில்வர் ஃபோர்க், ஐடஹோ
மார்ச் 24, 1936

அன்புத் தங்கை லியோனாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் மூவருக்கும் கர்த்தர் நல்ல சுகம் தரட்டும். இங்கே எல்லாரும் சுகம்.

வாத்தா! கோழியைப் பார்த்தாலே கதவுக்குப் பின்னால் ஒளிந்த பெண்ணா இது? சரி, கேள். கொட்டிலின் வாசல் தெற்கே பார்த்து இருக்கட்டும். தரையில் வைக்கோல் தாராளமாகப் போடு. குடிக்கிற தண்ணீர் தலை முங்குகிற அளவு ஆழமாக வேண்டும், இல்லாவிட்டால் கண் ஒட்டிக்கொள்ளும். முதல் வாரம் வெளியே விடாதே, வீடு எது என்று பழகட்டும். கோழி மாதிரி சாயங்காலம் தானாக வந்து அடையாது. நீதான் கையில் சோள நொய்யோடு கூப்பிட்டு அடைக்க வேண்டும். ஒரு நாள் சோம்பல் பட்டாயோ, மறுநாள் ரக்கூனும் நரியும் உனக்கு நன்றி சொல்லும்.

முக்கியமான ஒன்று. நம் குளம் இந்த வாத்துக்கு ஆழம் அதிகம். அது முங்கி நீந்தும் ஜாதி இல்லை, வாலைத் தூக்கிக்கொண்டு தலைகீழாக நின்று அடிச்சேற்றைத் துழாவித் தின்னும் ஜாதி. சேறு எட்டாவிட்டால் வெறும் சோளத்தில்தான் வளர வேண்டும், உனக்குக் கட்டுப்படியாகாது. மதகில் இரண்டு பலகையை எடுத்துவிடு. தாத்தா வசந்தத்தில் அப்படித்தான் செய்வார். தண்ணீர் இறங்கினால் புழு, நத்தை, கிழங்கு எல்லாம் சும்மா கிடைக்கும்.

என் செல்லத்துக்கு ஆயிரம் முத்தம்.

உன் அக்கா,
எல்டா

*

பெர்ச் லேண்டிங்
மே 3, 1936

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் இருவரின் சுகத்தையும் தினமும் வேண்டிக்கொள்கிறோம்.

அக்கா, நீ வாழ்க! வில்மர் மதகில் இரண்டு பலகையைப் பிடுங்கினார். நான்கு நாளில் தாத்தா ஒளிந்திருந்து வாத்து சுட்ட பழைய மறைவைச் சுற்றிக் கருகருவென்று சேற்றுத் திட்டு தெரிய ஆரம்பித்தது. வாத்துகளை விட்டதும் பார்க்க வேண்டுமே! பத்து வால்களும் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. காலில் கயிறு இல்லாமல் நீந்துவது இதுதான் முதல் முறை என்பதால் முதலில் ஒன்றும் கரையை விட்டு நகரவில்லை. சித்தப்பா பார்த்துவிட்டு, "வெக்கங்கெட்டதுங்க, யாரைக் கேட்டு இப்படிச் சுத்துதுங்க" என்று முணுமுணுத்தார். ஆனால் நாளைக்கு இரண்டு தடவை வந்து பார்க்கிறார்.

டெஸ்ஸி பத்துக்கும் மேபல் என்றே பெயர் வைத்துவிட்டாள். "மேபல், மேபலைத் தள்ளாதே" என்கிறாள். காலையில் ஒரு முட்டை, மாலையில் முட்டை போட்டுப் பிசைந்த நூடுல்ஸ். கன்னம் உப்பிவிட்டது. மிச்ச முட்டைகளைக் கெடாமல் இருக்கச் சுண்ணாம்புத் தண்ணீர் ஜாடியில் போட்டு வைக்கிறேன், இலையுதிர் காலம் வரை அவளுக்கு ஓடும்.

உன் கடிதத்தின் அடியில் அத்தானின் வரியைக் காணோமே? நாங்கள் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிக்கிறோம். அவரோடு சண்டையா?

லியோனா

*

சில்வர் ஃபோர்க்
மே 30, 1936

அன்புத் தங்கைக்கு,

எல்லாரும் சுகம், உங்கள் சுகத்துக்கு எழுது.

சண்டையும் இல்லை ஒன்றும் இல்லை. தாது உருக்கும் ஆலையில் அவருக்கு வேலை நேரம் மாறிவிட்டது. நான் எழுத உட்காரும்போது தூங்குகிறார். எழுப்பினால் கடிக்க வருவார். அடுத்த முறை எழுதச் சொல்கிறேன்.

பத்து மேபலா? அந்தப் பிள்ளை நம் அம்மாவின் பேத்திதான், சந்தேகமே இல்லை. முட்டையை நிறுத்தாதே. சேறு காய்ந்தால் இன்னொரு பலகை எடு.

எல்டா

*

பெர்ச் லேண்டிங்
ஜூலை 19, 1936

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறோம், அதுவே பெரிது. இப்படி ஒரு வெயிலை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. சோளம் நின்ற நிலையிலேயே வெந்துவிட்டது. குளம் பாதிகூட இல்லை. அத்தான் எப்படி இருக்கிறார்?

ஒரு மேபல் செத்துப் போனாள். நரி இல்லை, காயமும் இல்லை. நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. அவ்வளவு தின்றாளே, சதையே இல்லை அக்கா. நேற்று இன்னொன்று. கொட்டிலில் உள்ளவற்றிலும் இரண்டு மூன்று சரியில்லை. இறக்கையை ஓட்டுக்கூரை மாதிரி முதுகின் மேல் தொங்கவிட்டுக்கொண்டு தள்ளாடுகின்றன. எச்சம் பச்சைப் பசேலென்று இருக்கிறது. சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நம்ம குளத்து வாத்துக்கு ஆயுசே அவ்வளவுதாம்மா. உங்க தாத்தா வருஷா வருஷம் புதுசா வாங்குவாரே, மறந்துட்டியா?"

"என்ன வியாதி சித்தப்பா?"

"வியாதியெல்லாம் இல்ல. வாத்துன்னா ஒரு வருஷம். அதுக்குமேல எந்த வாத்து இருந்திருக்கு?"

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். நம் வீட்டில் கிழட்டு வாத்து என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை. நீ பார்த்திருக்கிறாயா?

டெஸ்ஸிக்கும் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. வயிறு வலிக்கிறது என்று சிணுங்குகிறாள். கொஞ்சம் வெளிறித் தெரிகிறாள். முட்டை மட்டும் சாப்பிடுகிறாள், அந்த மட்டுக்கும் நிம்மதி.

லியோனா

*

சில்வர் ஃபோர்க்
ஆகஸ்ட் 6, 1936

அன்புத் தங்கைக்கு,

சுகமாயிருங்கள். வெயில் செய்தி பேப்பரில் படித்து மனசே சரியில்லை.

வாத்து விஷயத்தில் சித்தப்பா சொல்வது சரி. நானும் பார்த்ததில்லை. தாத்தா மார்ச் மாதம் சந்தைக்குப் போய்ப் புதுக் கூடை கொண்டு வருவார், அதுதான் ஞாபகம். அதனால் மண்டையைக் குழப்பிக்கொள்ளாதே. தள்ளாட ஆரம்பித்தால் அன்றைக்கே கழுத்தை அறு. தானாகச் செத்தால் வீண், அறுத்தால் சாப்பாடு. இந்தக் காலத்தில் யார் வீணாக்க முடியும்?

டெஸ்ஸி வெளிறியிருக்கிறாள் என்றாயே, அதற்கு ஈரல்தான் மருந்து. இங்கே ஆலை டாக்டர் வெளிறின ஆள் யார் வந்தாலும் ஈரல் சாப்பிடச் சொல்கிறார், ரத்தம் ஊறுமாம். வாத்து ஈரல் முழுவதும் அவளுக்கே கொடு. வில்மர் முகத்தைத் தூக்கினால் நான் சொன்னேன் என்று சொல்.

எல்டா

*

பெர்ச் லேண்டிங்
செப்டம்பர் 20, 1936

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆசை. இந்த முறையும் அத்தானின் வரி இல்லை. சரி, நான் கேட்கவில்லை.

நீ சொன்னபடியே செய்கிறேன். இதுவரை ஐந்தை அறுத்தாயிற்று. எங்களுக்குக் கழுத்தும் இறக்கையும், டெஸ்ஸிக்கு ஈரலை வெண்ணெயில் வதக்கி மசித்துக் கொடுக்கிறேன். முதலில் மூஞ்சியைச் சுளித்தாள், இப்போது பழகிவிட்டாள்.

ஒரு வேடிக்கை கேள். இரைப்பையை அறுத்தால், அரைப்பதற்காக அது விழுங்கும் கல்லும் மணலும் இருக்கும் அல்லவா? அதற்கு நடுவில் துப்பாக்கி ரவை! ஒவ்வொரு வாத்திலும் ஏழெட்டு. அரைபட்டு அரைபட்டுப் பருப்பு மாதிரி தட்டையாகிவிட்டன. வில்மர் சிரித்துக்கொண்டே, "உங்க தாத்தா செத்து இருவது வருஷமாச்சு, இன்னும் வாத்து சுடறதை நிறுத்தல போல" என்றார். சேறு முழுக்க அதுதானே கிடக்கும், மூன்று தலைமுறையாக அதே மறைவிலிருந்து சுட்டிருக்கிறார்களே. டெஸ்ஸி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பேக்கிங் பவுடர் டப்பாவில் போட்டு நாள் முழுக்கக் கலகலவென்று ஆட்டுகிறாள். மேபலின் மணியாம்.

கொட்டிலை இன்னும் கழுவவில்லை. மூன்று மேபல் பாக்கி. குளத்தில் அல்லி இலை காய்ந்துவிட்டது. சித்தப்பா படகுக்குத் தார் பூசுகிறார். வேறு விசேஷம் இல்லை.

லியோனா

*

சில்வர் ஃபோர்க்
அக்டோபர் 4, 1936

அன்புத் தங்கைக்கு,

உங்கள் மூவரின் சுகத்துக்கும் ஜெபிக்கிறேன். இங்கே சுகம்.

தாத்தாவின் ரவை கதையைப் படித்துச் சிரித்தேன். ஆனால் கடிதத்தை மடித்து வைத்தபிறகு என்னவோ உறுத்தியது. திரும்ப எடுத்துப் படித்தேன். அல்லி இலை எழுதியிருக்கிறாய், தார் எழுதியிருக்கிறாய், டெஸ்ஸி எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி எழுதவில்லை. அவள் தும்மினால் அரைப் பக்கம் எழுதுகிறவள் நீ.

நிறம் திரும்பியதா? வயிற்றுவலி நின்றதா? உள்ளதை உள்ளபடி எழுது. என்னிடம் என்ன மறைப்பு?

எல்டா

*

பெர்ச் லேண்டிங்
அக்டோபர் 25, 1936

அக்கா,

எழுதினால் உண்மையாகிவிடுமோ என்று பயந்து எழுதாமல் இருந்தேன்.

டெஸ்ஸி நன்றாக இல்லை. சுவர் மாதிரி வெளுத்துவிட்டாள். வயிறு முறுக்கும்போது முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு கத்துகிறாள். மலம் கழிந்து நாளாகிறது. படி ஏறமாட்டேன் என்கிறாள். பேச்சும் குறைந்துவிட்டது அக்கா. "மேபலைத் தள்ளாதே" என்று முழுசாகச் சொன்னவள் இப்போது விரலைக் காட்டுகிறாள். இங்கத்து டாக்டர் பூச்சி என்றார், விளக்கெண்ணெய் கொடுத்தார். சித்தப்பா, "புள்ளைன்னா அப்படித்தான், குளிர் வந்தா தேறிடும்" என்கிறார்.

இன்னொன்று. ஈறு ஓரத்தில் நீலக் கருப்பாக ஒரு கோடு ஓடுகிறது. திராட்சைக் கறை என்று நினைத்துத் துணியால் தேய்த்தேன். போகவில்லை. நேற்றிலிருந்து ஸ்பூன் கையில் நிற்கவில்லை. மணிக்கட்டு அப்படியே தொங்குகிறது, தூக்கச் சொன்னால் அழுகிறாள்.

கடைசி மேபலை ஞாயிற்றுக்கிழமை அறுத்தேன். ஈரலை இரண்டு நாளைக்குப் பிரித்து வைத்திருக்கிறேன். ஜாடியில் முட்டை இன்னும் இருக்கிறது, அதை அதிகப்படுத்தட்டுமா? இப்படி எங்காவது கேள்விப்பட்டிருக்கிறாயா? நீதான் சொல்ல வேண்டும்.

லியோனா

*

சில்வர் ஃபோர்க்
அக்டோபர் 30, 1936

லியோனா,

தந்தி கொடுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். எதற்கும் இதுவும் வரட்டும்.

நிறுத்து. ஈரலை நிறுத்து. முட்டையை நிறுத்து, ஜாடியோடு குழிதோண்டிப் புதை. அந்த டப்பாவை அவள் கையிலிருந்து பிடுங்கு. பியோரியாவில் பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்றைக்கே கொண்டு போ. பூச்சி என்று யாராவது சொன்னால் கேட்காதே. "ஈயம்" என்று சொல். ஈயம் உடம்பில் ஏறிவிட்டது என்று சொல். ரவை எல்லாம் ஈயம்தானே லியோனா. வாத்து அதை அரைத்து அரைத்து ரத்தத்தில் கலந்து, ஈரலில் சேர்த்து, முட்டையில் வைத்து, நாம் அதைப் பிள்ளைக்கு ஊட்டியிருக்கிறோம்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். கஸ்ஸின் ஈறில் அந்தக் கோடு பிப்ரவரியிலிருந்து இருக்கிறது. மார்ச் நடுவில் இரண்டு மணிக்கட்டும் விழுந்துவிட்டன. பேனா பிடிக்க முடியாது. சட்டைப் பொத்தான் நான்தான் போட்டுவிடுகிறேன். ஈயம் உருக்கும் அந்த ஆலையில் இதற்கு ஈயம் பிடித்தவன் என்று பெயர், தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். வீட்டுக்கு எழுதாதே, வில்மர் முன்னால் என்னைக் கையாலாகாதவனாக்காதே என்று அவர் கெஞ்சினார். நான் எழுதவில்லை. ஆலைப் புகைதான் ஆளைக் கெடுக்கும் என்று நினைத்தேன். குளத்துச் சேற்றில் கிடப்பதும் அதுதான் என்று என் மண்டையில் ஏறவில்லை. பலகையை எடு என்று நான்தானே சொன்னேன்.

ஓடு. பிறகு என்னைத் திட்டிக்கொள்ளலாம்.

எல்டா

*

சில்வர் ஃபோர்க்
நவம்பர் 17, 1936

என் லியோனாவுக்கு,

இரண்டு கடிதம் போட்டுவிட்டேன். பதில் இல்லை. எதுவாக இருந்தாலும் எழுது. வில்மரையாவது எழுதச் சொல். ஒரு வார்த்தை போதும்.

எல்டா

*

பெர்ச் லேண்டிங்
டிசம்பர் 6, 1936

எல்டா அக்காவுக்கு,

டெஸ்ஸி உயிரோடு இருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் தந்தி மறுநாளே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டதாம். மழையில் ஆற்றுப் பாதை முழங்கால் சேறு, கொண்டுவர ஆள் இல்லை. வில்மர் மாவு வாங்கப் போனபோதுதான் கையில் கொடுத்தார்கள். அவர் மாவை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தார். அன்று காலையில்தான் ஜாடியிலிருந்து இரண்டு முட்டை எடுத்து, நன்றாகச் சாப்பிடுகிறாளே என்று சந்தோஷப்பட்டு ஊட்டியிருந்தேன்.

பாதி வழியில் வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் நீ சொன்ன வார்த்தையைச் சொன்னேன். அவர்கள் வயிற்றைப் படம் எடுத்துக் காட்டினார்கள். உள்ளே மூன்று வெள்ளைப் புள்ளி. மேபலின் மணி. எப்போது விழுங்கினாளோ தெரியவில்லை. நாங்கள் இவ்வளவு தின்றும் எங்களுக்கு ஒன்றுமில்லையே என்று வில்மர் கேட்டார். "நல்லதையெல்லாம் குழந்தைக்குக் குடுத்தீங்க இல்ல" என்றார் டாக்டர். அவர் குத்திச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னார்.

பாலும் சுண்ணாம்புச் சத்து ஊசியும் கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். நடக்கிறாள், மேஜையைப் பிடித்துக்கொண்டு. வார்த்தை சில திரும்பியிருக்கின்றன, சில திரும்பவில்லை. எவ்வளவு திரும்பும் என்று டாக்டர் சொல்ல மறுத்துவிட்டார். கொட்டிலைக் காட்டி "மேபல்?" என்கிறாள். அந்த ஒரு பெயர் மட்டும் சுத்தமாக வருகிறது.

வில்மர் மதகுப் பலகைகளைத் திரும்பப் போட்டு ஆணியடித்துவிட்டார். குளம் நிறைந்து பார்க்க அழகாக இருக்கிறது. அர்னோ சித்தப்பா வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"தண்ணில விழுந்த ரவை போனது போனதுதானேன்னு இருந்தோம்மா" என்றார்.

"எங்க போச்சு சித்தப்பா?" என்றேன்.

 அவர் மேல் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. வாத்துக்கு ஆயுசு ஒரு வருஷம் என்று நாம் எல்லாரும்தான் நம்பினோம். எதிர்க்கரையில் இந்த வருஷமும் காட்டு வாத்து இறங்கியது, இந்த வருஷமும் சுட்டார்கள்.  எல்லா ரவையும் வாத்தின் மேலா படுகிறது?

இப்போது உன் மேல் எனக்குள்ள குறையைச் சொல்கிறேன். பலகைக்காக உன்னைத் திட்டமாட்டேன். ஈரலுக்காகவும் திட்டமாட்டேன், கேட்டது நான், ஊட்டியதும் நான். ஆனால் அக்கா, வாத்து எச்சம் என்ன நிறம் என்பதுவரை நான் உனக்கு எழுதினேன். "எல்லாரும் சுகம்" என்று நீ எழுதினாய். அத்தானின் ஈறில் கோடு இருக்கிறது, கை தொங்குகிறது என்று மே மாதம் ஒரே ஒரு வரி எழுதியிருந்தால், பிள்ளை கை தொங்கின அன்றைக்கே நான் ஓடியிருப்பேன். அதற்கு முன்பேகூட, வயிற்றுவலி என்றபோதே ஓடியிருப்பேன். நீ என்னைக் கேட்டாய், என்னிடம் என்ன மறைப்பு என்று. அந்தக் கடிதத்தை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எத்தனை தடவை படித்தேன் தெரியுமா?

நேற்றுவரை இதை எழுத எனக்கு மனம் வரவில்லை. இன்று காலை டெஸ்ஸி இரண்டு கை மணிக்கட்டையும் சேர்த்து ஸ்பூனை இடுக்கித் தூக்கினாள். பாதி வழியில் கொட்டிவிட்டது. திரும்பவும் தூக்கினாள்.

அத்தானை அந்த ஆலையிலிருந்து வெளியே கொண்டு வா. மாடி அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன். வில்மரும் வரச் சொல்கிறார், அத்தானிடம் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று சொல்லச் சொன்னார். நீ வரும்போது யோசனை எதுவும் சொல்லாமல் வா. எனக்கு இப்போது யோசனை வேண்டாம். டெஸ்ஸியும் அத்தானும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து ஸ்பூன் பிடிக்கப் பழகட்டும்.

என்றைக்கு ரயில் என்று எழுது. சுகம் என்று எழுதாதே.

லியோனா